கேட்டு வாங்கும் நினைவகம்

எட்டுக் கோர், 32 ஜிபி மெமரி. புதிய சர்வர் வேண்டுமென்று எங்களிடம் வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றில் இந்த இரண்டு எண்கள்தான் இருக்கும். ஏன் எட்டு, ஏன் 32 என்று கேட்டால், மென்பொருளை விற்றவர்கள் தந்த கையேட்டில் அப்படிப் போட்டிருக்கிறது என்பார்கள். பழைய சர்வரில் அப்படித்தான் இருந்தது என்பார்கள். இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், "குறைத்துக் கேட்டுவிட்டுப் பிறகு அல்லாட முடியாது" என்ற உண்மையான காரணம் வெளியே வரும். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். சர்வர் என்பது இரும்புப் பெட்டியாக வந்திறங்கிய காலத்தில், ஒருமுறை வாங்கியதோடு நான்கைந்து வருடம் குடித்தனம் நடத்த வேண்டியிருந்தது. அப்போது கூட்டிக் கேட்டவர்தான் விவரமானவர். பெட்டி போய்விட்டது, அதோடு வந்த பயம் மட்டும் போகவில்லை.

சிட்னியிலும் மெல்பர்னிலும் உள்ள தரவு மையங்களில் ஓடும் மெய்நிகர் இயந்திரங்களுக்கு அளவு பார்ப்பது என் வேலையில் பெரும்பகுதி. விஎம் என்றுதான் நாங்கள் சொல்வோம். வெளியே இருக்கும் பெரிய இயந்திரம் ஹோஸ்ட். அதற்குள் முப்பதோ ஐம்பதோ விஎம்கள், ஒவ்வொன்றும் தனக்கென்று தனி ப்ராசஸரும் தனி மெமரியும் இருப்பதாக எண்ணிக்கொண்டு ஓடுகின்றன. அந்த எண்ணம் கலையாமல் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் ஹைப்பர்வைசர். எல்லா விஎம்களுக்கும் எழுதிக் கொடுத்த மெமரியைக் கூட்டினால் ஹோஸ்டில் உள்ளதைவிட அதிகமாகக்கூட வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் முழுவதையும் கேட்க மாட்டார்கள் என்ற கணக்கில்தான் வண்டி ஓடுகிறது.

இந்த ஏற்பாட்டுக்குள் ஓர் ஆழமான குருட்டுத்தன்மை உண்டு. மெமரியை 4 கிலோபைட் பக்கங்களாகப் பார்க்கிறது ஹைப்பர்வைசர். எந்தப் பக்கத்தில் டேட்டாபேஸின் உயிர் இருக்கிறது, எந்தப் பக்கத்தில் நேற்றுப் படித்து மறந்த ஒரு கோப்பின் நகல் கிடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. விஎம்முக்குள் இருக்கும் லினக்ஸுக்கோ விண்டோஸுக்கோ மட்டுமே அது தெரியும். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டவை அநேகமாக எல்லாமே இந்த ஒரு அறியாமையைச் சுற்றித்தான் இருக்கின்றன.

முதலில் ப்ராசஸர். எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், டான்டினாங்கில் வளர்ந்தவள், பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். ஒருநாள் அறிக்கை தயாரிக்கும் சர்வர் ஒன்றின் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணா, எட்டுக் கோர் குடுத்திருக்கு. சிபியு 15 வீதம்கூட ஓடேல்லை. பிறகேன் இப்பிடி இழுபடுது?"

"பயன்பாட்டைப் பாக்காதம்மா, ரெடி நேரத்தைப் பாரு" என்றேன்.

விஎம் ஓடத் தயாராக இருந்தும் உண்மையான கோர் கிடைக்காமல் காத்திருந்த நேரம்தான் ரெடி நேரம். விஎம்வேர் நிறுவனத்தின் ஹைப்பர்வைசர் தரும் உடனடி வரைபடத்தில் 20 விநாடிக்கு ஒரு புள்ளி. அந்த 20 விநாடியில் எத்தனை மில்லி விநாடி காத்திருப்பில் போனது என்று அது காட்டும். 1,000 மில்லி விநாடி என்றால் 5 சதவீதம். எட்டுக் கோருக்கும் சேர்த்து வரும் கூட்டுத்தொகையை எட்டால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒரு கோருக்கு 5 சதவீதத்தைத் தாண்டினால் நான் நிமிர்ந்து உட்காருவேன், 10 தாண்டினால் பயனாளர்கள் ஏற்கெனவே புலம்பத் தொடங்கியிருப்பார்கள். அந்தச் சர்வர் பத்தைத் தாண்டித்தான் நின்றது.

வேலை குறைவாக இருக்கும்போது காத்திருப்பு எப்படி வந்தது? எட்டுக் கோர் உள்ள விஎம்மின் இயங்குதளம், எட்டும் சேர்ந்தே முன்னேறுகின்றன என்று நம்புகிறது. ஒரு கோர் போட்ட பூட்டு திறக்கப்படுவதற்காக இன்னொரு கோர் காத்திருக்கும். பூட்டு வைத்திருப்பவன் ஓடாமல் நின்றுவிட்டால், காத்திருப்பவன் சும்மா சுழன்றுகொண்டிருப்பான். அதனால் அவற்றுக்கிடையே பெரிய இடைவெளி விழாமல் ஹைப்பர்வைசர் பார்த்துக்கொள்ள வேண்டும். விஎம்வேரின் ஹைப்பர்வைசரான இஎஸ்எக்ஸின் ஆரம்ப காலத்தில், விஎம்மின் எல்லாக் கோர்களுக்கும் ஒரே நேரத்தில் இடம் கிடைத்தால்தான் அது ஓடும். எட்டுப் பேர் உள்ள குடும்பம், எட்டு இருக்கையும் சேர்ந்து கிடைத்தால்தான் பஸ்ஸில் ஏறுவோம் என்று நிறுத்தத்தில் நிற்பதைப் போல. 2006இல் வந்த இஎஸ்எக்ஸ் 3 இந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியது. இன்றும்கூட இடைவெளி எல்லை மீறினால், முன்னால் ஓடியவனை நிறுத்திவைத்துப் பின்னால் இருப்பவன் வரும்வரை காக்க வைக்கிறது. கோ-ஸ்டாப் என்று அதற்குத் தனியாக ஒரு கணக்கு உண்டு.

எட்டை நான்காக்குவோம் என்றேன். "பாதியா வெட்டினா வேகமா ஓடுமோ?" என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி. பராமரிப்பு நேரத்தில் வெட்டினோம். அறிக்கைகள் முன்னைவிடச் சீக்கிரம் வந்தன. அதைவிட எனக்கு முக்கியமாகப்பட்டது, அதே ஹோஸ்டில் இருந்த மற்ற விஎம்களின் ரெடி நேரமும் இறங்கியதுதான். ஒரு வீட்டுக்காரர் தேவைக்கு மேல் கேட்டு வாங்கியதற்கான விலையை, எதுவும் கேட்காத அண்டை வீட்டார் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வேலையில் நீதி என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது.

வெட்டுவது மட்டுமே கைத்திறன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. லினக்ஸில் விஎம்ஸ்டாட் ஓட்டினால் முதல் பத்தியில் 'ஆர்' என்று ஓர் எண் வரும்: ஓடிக்கொண்டும் ஓடக் காத்துக்கொண்டும் இருக்கும் பணிகள். கோர் எண்ணிக்கையைவிட அது தொடர்ந்து அதிகமாக இருக்க, வெளியே ரெடி நேரம் குறைவாக இருந்தால், விஎம் உண்மையாகவே பசியில் இருக்கிறது. தயங்காமல் கொடுக்க வேண்டும். உள்ளே வரிசை இல்லை, வெளியே காத்திருப்பு அதிகம் என்றால் கதை வேறு. இரண்டு பக்கமும் பார்க்காமல் ஒரு கோரைக்கூட அசைக்காதே என்றுதான் பயிற்சிக்கு வருபவர்களிடம் சொல்கிறேன். பொது மேகத்தில் ஹோஸ்டின் பக்கம் நமக்கு மூடியிருக்கும். அங்கே டாப் கட்டளையில் வரும் 'எஸ்டி' என்ற எண், அதாவது நம்மிடமிருந்து களவு போன நேரம், ஒன்றுதான் ஜன்னல்.

அளவு பெரிதாகும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. இரண்டு ப்ராசஸர் உள்ள ஹோஸ்டில் மெமரியும் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பாதியும் ஒரு ப்ராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும். தன் பாதியைத் தொடுவது விரைவு, எதிர்ப் பாதியைத் தொடுவது தாமதம். நூமா என்று இதற்குப் பெயர். ப்ராசஸருக்குப் பதினாறு கோர் உள்ள ஹோஸ்டில் இருபது கோர் விஎம் ஒன்றைக் கட்டினால் அது இரண்டு கரையிலும் கால் வைத்து நிற்கும். பதினாறுக்குள் அடங்கும் வேலையாக இருந்தால் பதினாறே நல்லது. மெமரியும் அந்தப் பாதிக்குள் அடங்கினால்தான் பலன் முழுமையாகக் கிடைக்கும்.

ப்ராசஸரில் தவறினால் திருத்துவது எளிது. சில மில்லி விநாடிக்கு ஒருமுறை அது கைமாறிக்கொண்டேதான் இருக்கிறது, நேற்றுக் கொடுத்தது இன்று யாரிடமும் தங்கியிருப்பதில்லை. மெமரி அப்படியில்லை. கொடுத்தது போய் உட்கார்ந்துகொள்ளும். லினக்ஸ் சும்மா கிடக்கும் மெமரியையெல்லாம் கோப்பு நகல்களால் நிரப்பி வைத்துக்கொள்ளும். டேட்டாபேஸ்கள் எவ்வளவு கொடுத்தாலும் விழுங்கும். திரும்பக் கேட்கும்போதுதான் வெளியே இருப்பவனின் குருட்டுத்தன்மை வலிக்கத் தொடங்குகிறது. ஹைப்பர்வைசர் தானாக ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து டிஸ்க்கில் எழுதிவிட்டது என்று வையுங்கள். சற்று நேரத்தில் உள்ளே இருக்கும் லினக்ஸும் மெமரி நெருக்கடி கண்டு, அதே பக்கத்தைத் தன் ஸ்வாப்புக்கு, அதாவது டிஸ்க்கில் தனக்கென ஒதுக்கிய இடத்துக்கு, அனுப்பத் தீர்மானிக்கலாம். டிஸ்க்கில் எழுத வேண்டிய பக்கத்தை முதலில் டிஸ்க்கிலிருந்து படித்தாக வேண்டும்! யாருக்கும் பயனில்லாத இந்த இரட்டை வேலையில் சர்வர்கள் மூச்சுத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு விஎம்வேரில் இருந்த கார்ல் வால்ட்ஸ்பர்கர் கண்ட வழியை, மென்பொருள் உலகத்தின் மிக நாகரிகமான யோசனைகளில் ஒன்றாக நான் கருதுகிறேன். 2002 டிசம்பரில் பாஸ்டனில் நடந்த ஓஎஸ்டிஐ மாநாட்டுக் கட்டுரையில் அதை விவரித்தார். விஎம்முக்குள் ஒரு சிறு டிரைவரை வைக்கிறார்கள், பெயர் பலூன். ஹோஸ்டுக்கு மெமரி தேவைப்பட்டால் அந்தப் பலூனை ஊதச் சொல்கிறது ஹைப்பர்வைசர். பலூன் எல்லா நிரல்களையும் போலவே தன் இயங்குதளத்திடம் போய் மெமரி கேட்கிறது. இயங்குதளம் தன்னிடம் சும்மா இருப்பதை முதலில் எடுத்துக் கொடுக்கும். அது போதாவிட்டால், தனக்கு எது முக்கியமில்லையோ அதை விட்டுக்கொடுக்கும். பலூன் பிடித்துக்கொண்ட பக்கங்களை உள்ளே யாரும் தொட மாட்டார்கள் என்பதால், அவற்றின் பின்னால் இருக்கும் உண்மையான மெமரியை ஹைப்பர்வைசர் எடுத்து வேறு விஎம்முக்குக் கொடுத்துவிடும். எதை இழக்கலாம் என்ற தீர்ப்பு, அதை அறிந்தவரிடமே விடப்பட்டிருக்கிறது. பலமுறை படித்த கட்டுரைதான், இன்றும் அந்த இடம் வரும்போது வேகம் குறைத்துத்தான் படிக்கிறேன்.

அதே கட்டுரையில் இன்னொன்றும் உண்டு: சும்மா கிடக்கும் மெமரிக்கு வரி. பயன்படுத்தாமல் வைத்திருக்கும் பக்கத்துக்கு, பயன்படுத்தும் பக்கத்தைவிட அதிக விலை. இயல்பாக வைக்கப்பட்ட வரி விகிதம் 75 சதவீதம். சும்மா கிடப்பது எவ்வளவு என்று எப்படித் தெரியும்? விஎம்மின் பக்கங்களில் நூறைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஒரு குறித்த நேரத்துக்குள் எத்தனை தொடப்பட்டன என்று பார்த்து மொத்தத்தையும் மதிப்பிடுகிறது. மிக அழகான முறை. ஆனால் இந்த 'ஆக்டிவ்' எண்ணை அப்படியே நம்பி மெமரியை வெட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கும். ஒரு டேட்டாபேஸ் வருடக் கடைசியில் மட்டும் தொடும் அட்டவணைகளையும் மெமரியில் வைத்திருக்கும். ஜாவா நிரல் தன் ஹீப்பில் ஒரு மூலையிலேயே வெகுநேரம் உழன்றுவிட்டு, குப்பை கூட்டும் நேரம் வந்ததும் முழு ஹீப்பையும் ஒரே மூச்சில் தொடும். அந்த நொடியில் பாதி மெமரி டிஸ்க்கில் இருந்தால் சர்வர் செத்தது போல்தான். ஜாவாவுக்கும் பெரிய டேட்டாபேஸ்களுக்கும் நான் முழு மெமரியையும் ரிசர்வ் செய்து கொடுத்துவிடுவேன். அவை பலூனுக்கு ஏற்ற குடித்தனம் அல்ல.

பலூன் கதையில் ஆஸ்திரேலியாவுக்கும் பங்குண்டு. ரஸ்டி ரஸ்ஸல் இந்த நாட்டு லினக்ஸ் கெர்னல் நிரலாளர். பின்னால் லினக்ஸ்.கான்ஃப்.ஏயூ என்று பெயர் பெற்ற மாநாட்டின் முதல் கூட்டத்தை 1999இல் மெல்பர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் நடத்தியவர். ஐபிஎம்மில் இருந்தபோது, விஎம்களுக்கு டிஸ்க், நெட்வொர்க் போன்றவற்றை ஒரே பொது முறையில் காட்டும் வெர்டியோ என்ற அமைப்பை லினக்ஸுக்காக எழுதினார். 2008இல் லினக்ஸில் சேர்ந்த வெர்டியோ பலூன் டிரைவரின் தலைப்பில் அவர் பெயரும், இதற்கு முன் பலூன் எழுதியவர்களைப் பற்றிய குறிப்பும் இருக்கின்றன. கேவிஎம்மில் ஓடும் விஎம் ஒன்றுக்குள் நுழைந்து, ஏற்றப்பட்ட மாட்யூல்களைப் பட்டியலிடும்போது வெர்டியோ பலூன் என்ற பெயரைப் பார்த்தால் எனக்கு ஒரு நிறைவு.

சொந்த ஹோஸ்ட் இல்லாமல் மேகத்தில் ஓடுபவர்களுக்கு அளவு பார்ப்பது வேறு விதம். மெல்பர்ன் பல்கலைக்கழகம் முன்னின்று தொடங்கிய நெக்டார் ஆய்வு மேகம் 2012இல் திறந்தபோது, நாடு முழுவதும் உள்ள ஆய்வாளர்கள் இரும்புப் பெட்டி வாங்காமலே சர்வர் வைத்துக்கொள்ள வழி பிறந்தது. ஓப்பன்ஸ்டாக்கில் ஓடும் அமைப்பு அது. அங்கே கோரையும் மெமரியையும் தனித்தனியாகத் திருகி வைக்க முடியாது. ஃப்ளேவர் என்ற பெயரில் முன்பே கட்டிவைத்த அளவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2012 நவம்பரில் சிட்னியிலும் 2023 ஜனவரியில் மெல்பர்னிலும் வளாகம் திறந்த அமேசானிலும் இதே நடைமுறைதான். அதன் 'சி' வரிசையில் ஒரு கோருக்கு 2 ஜிபி, 'எம்' வரிசையில் 4, 'ஆர்' வரிசையில் 8. அளவை மாற்ற வேண்டுமானால் விஎம்மை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அதனால் மேகத்துக்குப் போகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் வேலை ஒரு கோருக்கு எவ்வளவு மெமரி தின்கிறது என்பதைத்தான். அந்த விகிதம் தெரிந்துவிட்டால் வரிசை தானாகத் தெரியும். தெரியாதவர்கள் மெமரி போதவில்லை என்று மேலும் மேலும் பெரிய 'எம்' வாங்கி, தேவையில்லாத கோர்களுக்கும் மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள்.

மெமரியைப் பற்றிப் பேசும்போது பயிற்சிக்கு வருபவர்களை ஸ்பாட்ஸ்வுட்டில் உள்ள சயின்ஸ்வொர்க்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்வரச் சொல்வேன். சிசிராக் அங்கே இருக்கிறது. 1949இல் சிட்னியில் தன் முதல் நிரலை ஓட்டி, 1955இல் மெல்பர்னுக்குக் கொண்டுவரப்பட்டு, 1964 வரை உழைத்த கணினி. ட்ரெவர் பியர்சியும் மாஸ்டன் பியர்டும் உருவாக்கியது. பாதரசக் குழாய்களில் ஒலியலைகளாகச் சுற்றிக்கொண்டிருந்த அதன் முதன்மை நினைவகத்தில் இடம் 768 சொற்களுக்கு. ஒரு சொல்லுக்கு 20 பிட். மொத்தம் இரண்டு கிலோபைட்டுக்கும் குறைவு. அதை வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். 32 ஜிபி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதும் கை, அதைப் பார்த்தபின் ஒரு கணமாவது தயங்கும்.

எவ்வளவு காலம் பார்த்துவிட்டு அளவைத் தீர்மானிப்பது? கருவிகள் ஒரு வாரம், ஒரு மாதம் என்று வரைபடம் போட்டு, 'இந்த விஎம் தேவைக்கு மேல் வைத்திருக்கிறது' என்று பட்டியல் தரும். அந்தப் பட்டியலை நான் ஆரம்பமாக மட்டுமே எடுத்துக்கொள்வேன். ஆஸ்திரேலியாவில் நிதியாண்டு ஜூன் 30இல் முடிகிறது. கணக்குப் பிரிவின் சர்வர்களை மே மாதத்தில் அளந்து வெட்டினால் ஜூலை முதல் வாரத்தில் கையைப் பிசைய வேண்டியிருக்கும். பல்கலைக்கழகச் சர்வர்களுக்குப் பருவத் தொடக்கம். பந்தயச் சூதாட்ட நிறுவனங்களுக்கு நவம்பர் முதல் செவ்வாய், மெல்பர்ன் கோப்பை. கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி நடுவரை அலுவலகங்கள் உறங்கும். அந்தக் காலத்து வரைபடத்தைக் காட்டி எதையும் வாதிடலாம். இன்னொரு சின்ன விஷயம்: ஏப்ரல் முதல் ஞாயிறு அதிகாலை மூன்று மணி மறுபடி இரண்டாகும். இரண்டு மணிக்கென்று வைத்த வேலைகள் சில இரண்டு தடவை ஓடும். அந்த இரவின் உச்சத்தைப் பார்த்துப் பயந்து கோர் கூட்டியவர்களைத் தெரியும்.

ஆண்டின் பரபரப்பான வாரத்தை அறிந்தவர் அந்த மென்பொருளோடு வாழ்பவர்தான். வரைபடத்துக்கு அது தெரியாது. தொலைபேசியை எடுத்து, "உங்களுக்கு மோசமான நாள் எது?" என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

லிமிட் என்ற அமைப்பைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. விஎம்முக்கு வைக்கக்கூடிய மூன்று அமைப்புகளில் ஷேர், நெருக்கடியில் யாருக்கு முன்னுரிமை என்பதைச் சொல்வது. ரிசர்வேஷன் எது நடந்தாலும் உனக்கு இவ்வளவு நிச்சயம் என்ற உறுதி. லிமிட் ஹோஸ்டில் எவ்வளவு மீந்து கிடந்தாலும் இதற்கு மேல் கிடையாது என்ற தடை. என் கையில் வந்த ஒரு சர்வருக்கு 16 ஜிபி எழுதியிருந்தது, ஹோஸ்டில் இடம் தாராளம், ஆனாலும் உள்ளே பலூன் ஊதிக்கொண்டே இருந்தது. பல வருடங்களுக்கு முன் யாரோ அது நகலெடுக்கப்பட்ட டெம்ப்ளேட்டில் 4 ஜிபி லிமிட் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதிலிருந்து பிறந்த விஎம்கள் எல்லாம் அந்தத் தடையோடுதான் பிறந்திருந்தன. உள்ளே இருந்து பார்த்தால் 16, வெளியே கிடைப்பது 4. எந்த ஹோஸ்டுத் தொகுதியைப் பொறுப்பேற்றாலும் லிமிட் வைக்கப்பட்ட விஎம்களைத்தான் முதலில் தேடுவேன். அநேகமாக எல்லாவற்றையும் நீக்கிவிடலாம்.

2023 நவம்பரில் ப்ராட்காம் விஎம்வேரை வாங்கியபின் இந்த வேலைக்குத் திடீர் மரியாதை வந்தது. உரிமம் இப்போது ஹோஸ்டின் கோர் கணக்கில்; ஒரு ப்ராசஸருக்குக் குறைந்தது பதினாறு கோருக்குக் கட்ட வேண்டும். உபரியாகக் கொடுத்த மெமரி இன்னொரு ஹோஸ்டை வாங்க வைக்கிறது, அந்த ஹோஸ்ட் உரிமச் செலவை ஏற்றுகிறது. பலர் வேறு தளங்களுக்குக் கிளம்பினார்கள். மெல்பர்னைத் தலைமையிடமாகக் கொண்ட கம்ப்யூட்டர்ஷேர் தன் 24,000 விஎம்களை நியூட்டானிக்ஸுக்கு மாற்றுவதாக வெளிப்படையாகவே அறிவித்தது. இடம் மாறும்போது பழைய அளவுகளை அப்படியே தூக்கிக்கொண்டு போவதுதான் சாதாரணமாக நடக்கிறது. வீடு மாறுகிற அவசரத்தில் அது புரிகிறது, ஆனாலும் மாறுவதற்கு மூன்று மாதம் முன்பே அளவு பார்க்கத் தொடங்குங்கள் என்று நான் மன்றாடுவேன். புதிய இடத்தில் எத்தனை ஹோஸ்ட் வாங்குவது என்ற கணக்கே மாறிவிடும்.

குறைக்கும்போது வரிசை முக்கியம். முதலில் உள்ளே இருக்கும் மென்பொருளின் வாயைச் சுருக்க வேண்டும்: எஸ்க்யூஎல் சர்வரானால் அதிகபட்ச மெமரி அமைப்பு, ஜாவாவானால் ஹீப் அளவு. சில நாள் அந்தக் குறைந்த அளவில் ஓடட்டும், உரிமையாளர் கவனிக்கட்டும். லினக்ஸில் 'ஃப்ரீ' கட்டளை காட்டும் 'அவைலபிள்' பத்தி தாராளமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'ஃப்ரீ' பத்தி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பது இயல்பு, அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகே வெளியே விஎம்மின் அளவை மாற்றலாம். வெளியே முதலில் வெட்டினால், உள்ளே இருப்பவன் இல்லாத மெமரியை நம்பிக் கணக்குப் போட்டுக் கவிழ்வான்.

ஓடும்போதே கூட்ட வசதி உண்டு, ஓடும்போதே குறைக்கும் வசதி நம்பத்தக்கதாக இல்லை. அந்தக் கூட்டும் வசதியைக்கூட ப்ராசஸருக்கு நான் திறந்து வைப்பதில்லை. விஎம்வேரில் அதைத் திறந்தால், முன்னே சொன்ன நூமாப் பிரிவு இயல்புநிலையில் விஎம்முக்குத் தெரியாமல் மறைக்கப்படுகிறது. பெரிய விஎம்களுக்கு அது நஷ்டம். ஆகவே எங்கள் மாற்றங்கள் ஞாயிறு அதிகாலையில், விஎம்மை அணைத்து, எண்ணை மாற்றி, மறுபடி எழுப்பித்தான் நடக்கின்றன.

அந்த ஞாயிறு மாற்றத்துக்கான அறிவிப்பை அனுப்பும்போது உரிமையாளருக்கு ஒரு வரி சேர்ப்பேன். எட்டு வேண்டுமென்று கேட்டீர்கள், நான்கு போதும் என்று நானும் நீங்களும் சேர்ந்து பார்த்தோம். திங்கட்கிழமை காலை சரியில்லை என்று தோன்றினால் காரணம் எழுத வேண்டாம், படிவம் வேண்டாம், கூப்பிடுங்கள், அன்று மதியத்துக்குள் எட்டும் உங்களிடம் திரும்பியிருக்கும். அதற்கான இடத்தை ஹோஸ்டில் இரண்டு வாரம் யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் அந்த வரியை எழுதுகிறேன். கூப்பிட்டவர்கள் உண்டு, உடனே கொடுத்திருக்கிறேன். அப்படிக் கிடைத்தது என்று அவர்கள் பக்கத்துப் பிரிவுக்காரரிடம் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த விண்ணப்பத்தில் அந்தப் பக்கத்துப் பிரிவுக்காரர் எழுதிய எண் இரண்டு கோர், 8 ஜிபி.